வலென்சியாவில் இவர் அடைத்த மடை

ஸ்பெயின் தேசத்துக்குப் போய்வந்தோம் என்று சொன்னால் கொல்லிமலையில் யாரும் கப்பலைப் பற்றிக் கேட்பதில்லை. அங்கே மிளகு விளையுமா என்றுதான் கேட்பார்கள். விளையாது. ஆரஞ்சு விளைகிறது, நெல் விளைகிறது, கோரைக்கிழங்குகூட விளைகிறது. கோரையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்களைப் போன்றவர்கள் அத்தனை தூரம் போனது ஒரு துரையின் பிடிவாதத்தால். எங்கள் மலையிலேயே வளப்பூர் நாடு என்ற ஊர்க்கூட்டத்தில் ஆரஞ்சுத் தோட்டம் போட்டவர் அவர். குழி வெட்டியதிலிருந்து ஒட்டுக் கட்டியது வரை எல்லாம் என் வீட்டுக்காரர் கை. துரைக்கு நெஞ்சில் சளி கட்டியது. இங்கிலாந்துக் குளிர் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட, ஸ்பெயினின் தெற்குக் கரையில் மலாகா என்ற ஊரில் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கே ஆரஞ்சு மரங்களைப் பார்த்ததும் இவர் நினைப்பு வந்திருக்கிறது. கப்பல் செலவு என்னுடையது, புருஷனும் பெண்சாதியுமாக வாருங்கள், வரும்போது ஒரு மூட்டை மிளகு கொண்டுவாருங்கள் என்று எழுதிவிட்டார். நான் மலையிலிருந்த மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள். இவருக்கு இங்கிலீஷ் குட்மார்னிங்கோடு சரி. தனியாக அனுப்பினால் பசிக்கிறது என்றுகூடக் கேட்கத் தெரியாது.

நான் சம்மதித்ததற்கு வேறு காரணம் உண்டு. எங்கள் ஊற்று ஓடை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கால் எங்கள் வயலுக்கு, மறுகால் இவர் தம்பி சடையன் வயலுக்கு. சடையனுக்கு வாழ்க்கைப்பட்டிருப்பவள் என் கூடப்பிறந்த தங்கை வெள்ளாயி. அக்காளும் தங்கையும் ஒரே களத்தில் சாமை காயவைத்து, வருஷத்தின் முதல் பலாவை ஒன்றாக உட்கார்ந்து வெட்டித் தின்றுகொண்டிருந்தோம். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கோடையில் நாங்கள் தேவனூர் நாட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய் நாலு நாள் கழித்துத் திரும்பினால், எங்கள் பக்கத்து மடை மண் போட்டு அடைத்துக் கிடக்கிறது. நாற்றங்கால் கருகிவிட்டது. சடையன்தான் அடைத்தான் என்றார் இவர். அவனைக் கேட்டாரா என்றால் கேட்கவில்லை, கத்தினார். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், இவர் மண்வெட்டியைத் தூக்கினார். மறுநாளே நாமக்கல்லில் வக்கீல் வைத்தார். அவனும் வைத்தான். கேஸ் முடியும்வரை எதிராளியோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று இரண்டு வக்கீல்களும் சொல்லிவிட்டார்கள். அந்த உத்தரவு எனக்கும் வெள்ளாயிக்கும் சேர்த்துத்தான் என்று இவர் முடிவு கட்டினார். நாங்கள் திரும்பியதும் தீர்ப்பு. யார் ஜெயித்தாலும் என் தங்கை எனக்கு இல்லை. அந்த ஓடைச் சத்தம் கொஞ்ச நாள் காதில் விழாமலிருந்தால் இவர் கோபம் ஆறாதா என்ற நப்பாசையில்தான் கப்பல் ஏறினேன்.

மலாகாவில் துரை எலும்பும் தோலுமாக இருந்தார். மூட்டையை அவிழ்த்து ஒரு பிடி மிளகை அள்ளி முகர்ந்துவிட்டு வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சாயங்காலம் எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். அங்கே மீனவர்கள் மத்தி மீனை நாணல் குச்சியில் வரிசையாகக் குத்தி, குச்சியை மணலில் நட்டு, பக்கத்தில் நெருப்பு மூட்டி வாட்டுகிறார்கள். உப்பைத் தவிர ஒன்றும் கிடையாது. இவர் சட்டைப் பையிலிருந்து நாலு மிளகை எடுத்துக் கல்லில் வைத்து நுணுக்கித் தூவினார். மீன்காரர் ஒரு துண்டு தின்று பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார்.

துரையோடு ஒரு வாரம் இருந்தோம். "கரையோரமாகவே ஊர் பார்த்துக்கொண்டு மேலே போங்கள். பார்சிலோனாவில் மலை உச்சிக்கு ரயில் ஏறுகிறது. அதில் ஏறாமல் ஊர் திரும்பாதே" என்று இவரிடம் சொல்லி அனுப்பினார். அந்த வார்த்தை இவரைப் பிடித்துக்கொண்டது. எங்கள் மலைக்கு உப்பும் மண்ணெண்ணெயும் காரவள்ளி அடிவாரத்திலிருந்து தலைச்சுமையாகத்தான் ஏறுகின்றன. பிள்ளைத்தாய்ச்சியைத் தூளி கட்டித்தான் இறக்குகிறோம். மலைக்கு ரயில் என்றதும் இவர் சின்னப் பிள்ளை ஆகிவிட்டார். "எந்த ஊருக்குப் போனாலும் போறோம், அந்த ரயிலு மட்டும் தப்பக்கூடாது புள்ள" என்று தினமும் ஒரு தடவை சொல்வார்.

கரையோரத்து பஸ் நம் சேந்தமங்கலம் பஸ்ஸுக்குச் சளைத்ததில்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடல், நடுவில் எங்களோடு இரண்டு ஆடும் ஒரு கூடைக் கோழியும். ஏற்றத்தில் எஞ்சின் கொதித்து நின்றது. டிரைவர் பீப்பாயோடு தண்ணீர் தேடிப் போனவர் வரவே இல்லை. எல்லாரும் இறங்கி அத்திமர நிழலில் உட்கார்ந்தோம். அந்த நாட்டில் அரசனை அனுப்பிவிட்டு மக்கள் ஆட்சி வந்த புதிது அது. ஒரு கிழவர் குழியும் மேடுமான ரோட்டைக் காட்டி ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். இங்கிலீஷ் தெரிந்த ஒரு வியாபாரி எனக்கு மாற்றிச் சொன்னார்: "ராஜா போய்விட்டான், ரோட்டை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறான்." நம் ஊரில் உப்புக்காக ஜெயிலுக்குப் போனவர்கள் திரும்பிக்கொண்டிருந்த சமயம் அது. இதை நம் ஊரில் சொல்லும் நாள் வருமா என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் வகுப்பு ரயிலில் இன்னொரு கூத்து. அங்கே ஒயினை மூக்கு நீண்ட கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, வாயில் படாமல் அண்ணாந்து குடிக்கிறார்கள். குடுவை கை மாறிக்கொண்டே வந்தது. வெளிநாட்டார் எவருக்கும் அது வராது, சட்டையெல்லாம் சிந்திக்கொள்வார்கள் என்று ஒரு வேடிக்கைக்காக இவரிடம் நீட்டினார்கள். இவர் கையை நன்றாக உயர்த்தி, தொண்டைக்குள் நேராக ஒரு தாரை விட்டு, சொட்டுச் சிந்தாமல் குடுவையைக் கொடுத்தார். பெட்டியே கை தட்டியது. எச்சில் படாமல் குடிக்கத் தெரிந்தவனுக்கு ஸ்பெயினில் அவ்வளவு மரியாதை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். குடித்தது தண்ணீர் இல்லையே.

ரயில் வலென்சியாவை நெருங்கியபோது எனக்கு மனசு நிறைந்தது. கடலுக்கும் ஊருக்கும் நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் தோட்டம், தோட்டத்துக்குத் தோட்டம் வாய்க்கால். நாங்கள் தங்கியது அம்பாரோ என்ற விதவை நடத்திய சாப்பாட்டு விடுதியில். ஜிப்ரால்டரில் ஓர் இங்கிலீஷ்காரர் வீட்டில் சமையல் செய்தவள் அவள். பேச்சு இங்கிலீஷ், கை ஆட்டல் எல்லாம் நம் சந்தைக்காரிகள் மாதிரி. எங்களுக்கு அறை காட்டிய கையோடு, "வாருங்கள், இந்த ஊரில் முதலில் குடிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது" என்று டிராமில் ஏற்றிப் பக்கத்துக் கிராமத்துக்கு இழுத்துப்போனாள்.

அங்கேதான் கோரை. பால் போல வெள்ளையாக, குளிர்ச்சியாக ஒரு பானம் கொடுத்தார்கள். இளநீரும் பாதாம்பாலும் கலந்த ருசி. எதிலிருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு கை நிறையக் காய்ந்த கிழங்கைக் காட்டினார். இவர் ஒன்றை வாங்கிக் கடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கோரைக்கெழங்கு மாதிரியே இருக்குது புள்ள. இதைப் புடுங்கிப் புடுங்கியே எனக்கு முதுகு போச்சு. இவிய உழுது வெதைக்கிறாங்க."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கடைக்காரருக்கும் விஷயத்தை அம்பாரோ சொன்னாள். உங்கள் ஊரிலிருந்து கப்பலில் அனுப்பு, நான் வாங்கிக்கொள்கிறேன் என்றார் அவர்.

திரும்பும்போது நடந்தே போகலாம் என்றார் இவர். அம்பாரோவுக்கு அவ்வளவு தூரம் நடக்க முடியாது, அவள் டிராமில் முன்னால் போய்விட்டாள். நாங்கள் வாய்க்கால் கரையோடு நடந்தோம். உச்சி வெயிலில் தோட்டத்தில் ஒருவரும் இல்லை, எல்லாரும் சாப்பிட்டுத் தூங்கும் நேரம். ஓரிடத்தில் கரையில் ஒரு வெட்டு. தண்ணீர் வண்டிப்பாதையை நனைத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஒரு முலாம்பழப் பாத்திக்குள் போய்க்கொண்டிருந்தது. இவர் நின்றார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வழியில் உடைப்பைக் கண்டவன், அது யார் கரையாக இருந்தாலும், ஒரு மண்ணாவது எடுத்து வைக்காமல் தாண்டிப் போகக்கூடாது. பகையாளி வயலானாலும் அப்படித்தான். சரிவில் இருப்பவர்கள் நாங்கள். ஓரிடத்தில் மண் கரைந்தால் கீழே இருக்கும் அடுக்கெல்லாம் போய்விடும்.

"யாரோ பாக்காம உட்டுட்டுப் போயிருக்கான், பாவம்" என்று சொல்லிக்கொண்டே இவர் வேட்டியை மடித்துக் கட்டினார். ஸ்பெயினுக்குள் நுழைந்ததிலிருந்து மலாகாத் துரை கொடுத்த கால்சட்டைதான் போட்டிருந்தார். அன்றைக்கு உள்ளூர்ச் சூட்டுக்கு வேட்டியில் வந்திருந்தார். கரையோரத்துப் புல்லை வேரோடு பெயர்த்து வைத்து, மேலே மண் அள்ளிப் போட்டு, காலால் மிதித்து அடைத்தார். நல்ல அடைப்பு, ஒரு சொட்டுக் கசியவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, இந்தத் தேசத்துக்கு ஏதோ செய்துவிட்ட திருப்தியோடு நடந்தார். எனக்கும் பெருமையாகவே இருந்தது.

மறுநாள் அம்பாரோ எங்களைக் குதிரை வண்டியில் ஏரிக்கரை நெல் வயலுக்குக் கூட்டிப்போனாள். நடவு நடந்துகொண்டிருந்தது. நடுவது முழுக்க ஆண்கள். சேற்றில் குனிந்த முதுகுகளின் வரிசையில் ஒரு பெண்கூட இல்லை. "அப்போ பொம்பளைங்க என்ன செய்வாங்க?" என்று இவர் கேட்டார். சமைப்பார்களா என்றால், அதுவும் இல்லை. வயலோரத்தில் ஆரஞ்சு விறகை அடுக்கி, அகலமான இரும்புத் தட்டில் முயலும் அவரைக்காயும் நத்தையும் அரிசியும் போட்டு வேகவைத்ததும் ஓர் ஆண்தான். இந்த ஊரில் பெண்ணாகப் பிறந்திருக்கலாம் என்று நான் சொன்னேன். இவர் நத்தையை உறிஞ்சுவதில் கவனமாக இருந்தார்.

அந்தத் தட்டைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து, அவரவர் கரண்டியால் அதிலிருந்தே தின்கிறார்கள். ஆனால் ஒரு கட்டுப்பாடு. உனக்கு எதிரே இருக்கும் பங்கைத் தாண்டி உன் கரண்டி போகக்கூடாது. வரப்பு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் யாரும் தாண்டவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு வெள்ளாயி ஞாபகம் வந்தது. பலா பழுத்திருக்கும் காலம் அது.

திரும்பும் வழியில் முந்தின நாள் போன அதே கரை. வண்டிக்கு வழி இல்லை. இரண்டு பேர் நடுப்பாதையில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வயதானவர் கையிலிருந்த களைக்கொட்டு தலைக்கு மேல் நின்றது. எதிரே இருந்த இளவட்டம் கையை விரித்து விரித்து ஏதோ சொல்லப் பார்க்கிறான், கிழவர் விடவில்லை. பாத்தியில் முலாம்பழக் கன்றுகள் தலை தொங்கிக் கிடந்தன. அம்பாரோ இறங்கிப் போய்க் கேட்டுவிட்டு வந்து சொன்னாள்:

"கிழவர் பேர் விசென்ட். நேற்று அவருடைய முறைத் தண்ணீர். மடையைத் திறந்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். வந்து பார்த்தால் யாரோ அடைத்துவிட்டார்கள், தண்ணீர் முழுக்கக் கீழே ரமோன் தோட்டத்துக்குப் போய்விட்டது. இனி அவர் முறை அடுத்த வாரம்தான். நேற்று நட்ட கன்று, அதுவரை தாங்குமா? ரமோன்தான் அடைத்தான் என்கிறார். அவர்களுக்குள் பழைய பகை."

நான் தமிழில் சொல்லி முடிக்கும் முன்பே இவர் முகம் வெளுத்துவிட்டது. வண்டியை விட்டுக் குதித்துக் கிழவரிடம் போய், தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "நான்தானுங்க அடைச்சேன், நான்தானுங்க" என்றார். நான் இங்கிலீஷில் சொல்ல, அம்பாரோ மொழிபெயர்த்தாள். கிழவர் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் காறித் துப்பினார்.

"ரமோன் உனக்கு எவ்வளவு கொடுத்தான் என்று கேட்கிறார்" என்றாள் அம்பாரோ. "வாய்க்கால் காவல்காரரிடம் பிராது சொல்லியாகிவிட்டதாம். வியாழக்கிழமை உச்சிப் பொழுதில் மாதா கோயில் வாசலில் தண்ணீர்ப் பஞ்சாயத்து. எதுவானாலும் இனி அங்கேதான் சொல்ல வேண்டும்."

எங்களுக்குப் புதன்கிழமை காலை பார்சிலோனா ரயில். அங்கே இரண்டு நாள் தங்கி, மலை ரயில் ஏறி, பிறகு கப்பலுக்குப் போக வேண்டும். வியாழன் வரை இருந்தால் பார்சிலோனாவில் ஒரு மாலைப் பொழுதுதான் மிஞ்சும்.

அன்று மாலை அறையில் இவர் ரயில் சீட்டை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சடையன் பேரைச் சொல்லிவிட எனக்கு நாக்கு துடித்தது. சொன்னால் இவர் வீம்புக்கு ரயில் ஏறிவிடுவார் என்று தெரியும். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் எதைப் பேசக்கூடாது என்பதை நன்றாகத்தான் படித்திருக்கிறேன். கடைசியில் இவராகவே சொன்னார்.

"அந்தப் பையன் மூஞ்சியப் பாத்தியா. செய்யாததுக்கு நிக்கிறான். ரயில மாத்தச் சொல்லு."

வியாழக்கிழமை மாதா கோயிலின் பெரிய வாசலில், கல்லில் செதுக்கிய சாமியார்களின் காலடியில், வட்டமாக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு மணி அடித்ததும் கறுப்பு மேல்சட்டை போட்ட எட்டுப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். வக்கீல் வருவார் என்று நான் தேடினேன். வக்கீலும் இல்லை, காகிதமும் இல்லை, பேனாவும் இல்லை. எட்டுப் பேரும் விவசாயிகள், அவர்களுடைய விரல் நகத்தில் மண் இருந்தது. பித்தளைக் கொக்கி வைத்த கழியோடு ஒருவர் நின்று ஒவ்வொரு வாய்க்காலாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். எங்கள் வாய்க்கால் பேர் வந்தது. விசென்ட்டும் ரமோனும் போய் நின்றார்கள். அம்பாரோ எங்களையும் உள்ளே தள்ளினாள்.

விசென்ட் பேசினார். நடுவில் ரமோன் குறுக்கிட்டான். தலைவர் ஒரு சொல் அதட்டினார், ரமோன் அடங்கினான். பிறகு தலைவர் எங்கள் பக்கம் திரும்பி, செருப்புக் காலை நேராக இவரைப் பார்த்து நீட்டினார்.

இவர் காது சிவந்துவிட்டது. "காலை நீட்டுறான் பாரு. நம்மூர்ல நாய்க்குக்கூட இப்படி நீட்டமாட்டாங்க. வா போலாம்" என்று திரும்பிவிட்டார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அம்பாரோ பதறிப் போய்க் காதில் சொன்னாள்: "அவமானம் இல்லை. இந்தப் பஞ்சாயத்தின் வழக்கமே இதுதான். யார் பக்கம் கால் நீளுகிறதோ அவர் பேசலாம். கால் நீளாமல் வாய் திறந்தால்தான் குற்றம்."

அதை நான் தமிழில் சொன்னேன். இவர் அந்தக் காலைப் பார்த்தபடி திரும்பி வந்து நின்றார். பிறகு பேசினார். தமிழ், என் வாயில் இங்கிலீஷ், அம்பாரோ வாயில் அவர்கள் பாஷை என்று ஒரு வாக்கியம் மூன்று மடை தாண்டிப் போனது. ஏன் உன்னுடையதல்லாத தண்ணீரில் கை வைத்தாய் என்று கேட்டார்கள்.

"எங்க மலையில ஒடப்பப் பாத்துட்டு மண்ணு வெக்காமப் போறவனுக்கு ஒருத்தரும் சோறு போடமாட்டாங்க. இது ஒடப்புன்னு நெனச்சேன். கேக்க ஆள் இல்ல, நானும் ஆளத் தேடல. இந்தப் பையனுக்கு ஒண்ணுந் தெரியாது."

எட்டுத் தலையும் ஒன்றாகச் சேர்ந்து பிரிந்தன. ரமோன் மேல் குற்றமில்லை. அந்நியன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனாலும் தண்ணீர் போனது போனதுதான், அதனால் சிறு அபராதம். அவ்வளவுதான், அடுத்த பிராது. எங்கள் நாமக்கல் கேஸ் மூன்று வருஷமாக இழுத்ததை இவர்கள் ஒரு வெற்றிலை போடும் நேரத்தில் முடித்துவிட்டார்கள்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். இவர் அம்பாரோ மூலமாக விசென்ட்டிடம், இரண்டு வாளி கொடுங்கள் என்று கேட்டார். அன்று பிற்பகல் முழுக்க ரமோன் கிணற்றிலிருந்து இறைக்க, இவர் சுமக்க, விசென்ட் கன்று கன்றாக ஊற்றினார். நானும் கொஞ்சம் சுமந்தேன். சில கன்றுகள் பிழைக்காது என்று எனக்கே தெரிந்தது. வேலை முடிந்ததும் கிழவர் புகையிலைப் பையை எடுத்து, முகத்தைப் பார்க்காமலே ரமோன் பக்கம் நீட்டினார். ரமோனும் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டான். எனக்கு அழுகை வந்தது. வெயிலில் கண் கூசுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

பார்சிலோனாவில் நாங்கள் பார்த்தது இவ்வளவுதான்: பாதி கட்டி நிற்கும் ஒரு கோயிலின் நாலு கோபுரம், பூக்கடை வரிசை ஒன்று, இருட்டில் ஒரு மலை. மலையடிக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைசி வண்டி மேலே போய்விட்டது. விளக்கு ஒன்று சரிவில் மெதுவாக ஏறுவதை இவர் கழுத்து வலிக்கப் பார்த்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. கப்பலை விட்டால்தான் என்ன என்றுகூடச் சொன்னேன்.

"போவட்டும். நம்ம மலைக்கு ஒண்ணு வந்தா ஏறிக்கலாம்" என்றார்.

கப்பலில் ஒரு நாள், கடலைப் பார்த்தபடி, யாரும் கேட்காமலே சொன்னார்: "அந்த ஆளு காலை நீட்டுற வரைக்கும் ஒருத்தனும் பேசல பாத்தியா. நீட்டினதுக்கு அப்புறம் ஒருத்தனும் தடுக்கல."

நாமக்கல்லில் பஸ் நின்றது. வக்கீல் வீட்டுக்குப் போக அங்கேதான் இறங்க வேண்டும். இவர் இறங்கவில்லை. சேந்தமங்கலம் வந்து, காரவள்ளி வந்து, பெட்டியை ஆளிடம் கொடுத்துவிட்டு மலை ஏறினார்.

மறுநாள் விடிந்ததும், "உன்ர தங்கச்சியூட்டுக்குப் போயி ரெண்டு பேரையும் மடைக்கு வரச் சொல்லு" என்றார்.

மூன்று வருஷமாகக் காத்திருந்த வேலை. வெள்ளாயி வாசலில் போய் நின்றேன். சாமை குத்திக்கொண்டிருந்தவள் உலக்கையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "அவுரு மடைக்கு வரச் சொல்றாரு" என்று மட்டும் சொன்னேன்.

ஓடை பிரியும் இடத்தில் ஒரு பாறை இருக்கிறது. இவர் அதில் உட்கார்ந்திருந்தார். சடையன் மண்வெட்டியோடு வந்து நின்றான். வெள்ளாயி அவனுக்குப் பின்னால். கீழே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அப்போது இவர் வலது காலைத் தூக்கி, சடையனைப் பார்த்து நேராக நீட்டினார்.

சடையன் கண் ரத்தமாகச் சிவந்தது. மண்வெட்டிக் காம்பில் அவன் விரல் இறுகுவதைப் பார்த்தேன். நான் குறுக்கே ஓடினேன். "சடையா, கோவிச்சுக்காத சாமி. அது மரியாதக் கொறவு இல்ல. நாங்க போன ஊர்ல தண்ணிப் பஞ்சாயத்துல அப்படித்தான். யாருகிட்ட நீட்டுறாங்களோ அவங்க பேசோணும், மத்தவங்க கேக்கோணும்."

அவன் நம்பாமல் அண்ணனைப் பார்த்தான். கால் அப்படியே நீண்டிருந்தது.

"மூணு வருசத்துல நீ என்னயப் பேசச் சொல்றது இதுதாண்ணா மொதத் தடவ" என்றான் சடையன். பிறகு நிதானமாகச் சொன்னான். "நான்தான் அடச்சேன். நீங்க தேவனூருக்குப் போன அன்னிக்கு இந்தப் பக்கமா வந்தேன். உன்ர நாத்தங்காலுக்குக் கீழ கரை பொளந்து தண்ணி பூராப் பள்ளத்துல உழுந்துக்கிட்டு இருந்துச்சு. பாத்துட்டு எப்படிப் போறது? மடைய அடச்சுட்டுக் கரைக்கு மண்ணு வெச்சேன். புதுக் கரை ஒரு நா காயட்டும், நாளைக்குத் தொறந்துடலாம்னு ஊட்டுக்குப் போனேன். ராத்திரியே காய்ச்சல்ல படுத்துட்டேன். எந்திரிச்சு உங்கிட்டச் சொல்ல வந்தா, நீ மம்புட்டியத் தூக்கிட்ட."

இவர் கால் மெதுவாகத் தரைக்கு வந்தது.

"கரையில புது மண்ணு இருந்துச்சுடா. நான் பாத்தேன்" என்றார். "யாரு வெச்சதுன்னு கேக்கல."

எழுந்து போய்த் தம்பியின் தோளில் கை வைத்தார். கேஸை எடுத்துவிட நாளைக்கே நாமக்கல் போகலாம் என்றார். சடையன் சரி என்று தலையை ஆட்டினான். இரண்டு பேரும் கரையைப் பார்க்க வேண்டும் என்ற சாக்கில் கீழே இறங்கிப் போனார்கள்.

நானும் வெள்ளாயியும் தனியாக நின்றோம். அவள் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பாறையில் உட்கார்ந்து, சேறு ஒட்டிய என் காலை அவள் பக்கம் மெல்ல நீட்டினேன்.

வெள்ளாயி என் காலைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"மூணு வருசமா மொதப் பலாவை வெட்டயில உன்ர பங்க எடுத்து வெச்சுட்டுத்தான் நாங்க தின்னோம். நீ வாரல, மாட்டுக்குத்தான் போட்டேன்" என்றாள். "இந்த வருசப் பங்கு இன்னும் ஊட்டுல இருக்குது, எந்திரி. மாட்டுக்கு இனிமே கெடையாது."